நாற்பது முழத்து ஆள்

மண் கலயம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தொடையின் மேல் குந்தியிருந்தேன்.

தொடை என் இடுப்பு உயரம். ஒரு கட்டை வண்டியின் அகலம். தண்ணீர் தெளித்துத் தெளித்து அறைந்த ஈரமண். அதன் குளிர்ச்சி வேட்டியைக் கடந்து உடம்பில் ஏறியது. கலயத்துக்குள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீர். வாயை வாழையிலையால் மூடி நாரால் கட்டியிருந்தார்கள். கொஞ்சம் சாய்த்தாலும் உள்ளே தளும்பியது.

சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. பெண்ணையாற்றுப் பக்கமிருந்து வெல்லம் காய்ச்சும் வாசனை வந்தது.

"முடிஞ்சிதா மாப்ளே?" என்று திரும்பாமலே கேட்டார் ஏழுமலை.

"இதோ" என்றேன். தொடையில் நானே தோண்டிய குழிக்குள் கலயத்தை இறக்கினேன். மண்ணை மூடி உள்ளங்கையால் வழித்தேன். ஓரிடம் மேடாகிவிட்டது. அதைத் தட்டப் போக இன்னோரிடம் பள்ளமானது.

இந்த வாரம் எழுத நினைத்தது ஒரு சொல்லைப் பற்றி. மிகப் பெரிய சிலைகளுக்கு வெளிதேசங்களில் வழங்கும் ஒரு சொல். அது என் காதில் முதலில் விழுந்தது அன்று காலை, அந்தத் தொடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோதுதான். அதனால் தொடையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊர்க்காரன் வைக்கக் கூடாது

நான் திண்டிவனத்துக்காரன். ரயிலடிக்குப் போகிற தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. பரீட்சையன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த வருஷமும் அதே பரீட்சையன்று அதே காய்ச்சல் வந்தது. "இவனுக்குப் படிப்பு ஒடம்புக்கு ஆவாது" என்று அப்பா சொல்லிவிட்டார். கடையைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய் நாலாவது முறைக்குத் திரும்புவேன்.

அலமேலு என் மனைவி. அவளுடைய ஊர் முகையூருக்கும் திருவெண்ணெய்நல்லூருக்கும் நடுவே. விழுப்புரத்தில் பஸ் மாறி, இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஊடே இரண்டு மைல் நடக்க வேண்டும். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் கதை படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம்.

படுகளம் என்றால், கோயில் வெளியில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாத்திக் கிடத்துவார்கள். தலையிலிருந்து கால்வரை நாற்பது முழம். பீமன் வேஷம் கட்டியவர் அவன் தொடையில் கதாயுதத்தால் அடிப்பார். உள்ளே மறைத்த கலயம் உடைந்து ரத்தம் போலச் செந்நீர் பாயும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். கூந்தல் முடிந்த பிறகே சாயங்காலம் தீமிதி.

அந்தக் கலயத்தை வைப்பதற்கு "உசிரு வெக்கறது" என்று பெயர். ஊர்க்காரன் வைக்கக் கூடாது. கொல்லப்போகிற ஊரே உயிரும் வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. அதனால் அந்த ஊரில் பெண் கட்டியவன் ஒருவன்தான் வைக்க வேண்டும். வைக்கும்போது யாரும் பார்க்கவும் கூடாது. அந்த வருஷம் முறை என் மாமனார் வீட்டுக்கு வந்தது. அவர் வீட்டுக்கு இருந்த ஒரே மாப்பிள்ளை நான்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. எடது தொட. கலயத்த வெச்சி மூடிட்டு எறங்கி வந்துடுங்க" என்றார் மாமனார்.

"கலயம் உடையலைன்னா?"

"அப்படி நடந்ததே இல்லியே."

நடந்ததே இல்லை என்று சொன்னால் எனக்குத் தைரியம் வராது. ஒரு தடவை நடந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால்தான் வரும்.

அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னார். "ஒடையலன்னா தீயில எறங்கறவங்க காலு வெந்துபூடும்னு சொல்வாங்க. நீங்க ஏன் மாப்ள அதெல்லாம் நெனச்சிக்கினு."

நினைக்காமல் எப்படி இருப்பது? அந்த வருஷம் தீயில் இறங்கக் காப்புக் கட்டியிருந்தவர்கள் பன்னிரண்டு பெண்கள். அதில் அலமேலு ஒருத்தி. அதற்கு முந்தைய வருஷம் டைபாய்டு வந்து நான் கிழிந்த பாயாகக் கிடந்தபோது, விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் அதற்கும் கவலைப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

நான் பிழைத்ததற்காக அவள் நெருப்பில் நடக்க வேண்டும். அவள் கால் வேகாமல் இருக்க நான் கலயத்தைச் சரியாக வைக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று எழுத இப்போது முடிகிறது.

ஒரு சாணுக்கு ஐந்து முழம்

உருவம் செய்தவர் ஏழுமலை. மண்வேலைக்காரர், வருஷம் முழுக்கப் பானை சட்டி. முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட ஒல்லி. அவர் வேலை செய்வதை முந்தின நாள் மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றுவரை அதுபோல ஒன்றை நான் பார்த்ததில்லை.

காகிதம் இல்லை, படம் இல்லை. முதலில் அவரே தரையில் மல்லாந்து படுத்தார். கூட இருந்தவர் ஒரு குச்சியால் அவரைச் சுற்றிக் கோடு இழுத்தார். எழுந்து, அந்தக் கோட்டுக்குள் தன் கையாலேயே சாண் போட்டார். தலைக்கு ஒரு சாண். தோளுக்கு இரண்டு. மொத்தம் எட்டு. பிறகு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டார். தன் உடம்பில் ஒரு சாண் என்றால் அங்கே ஐந்து முழம். அவ்வளவுதான் கணக்கு.

இருபது பேர் மண் சுமந்து கொட்டினார்கள். அவர் காலால் மிதித்துக்கொண்டே போனார். மிதித்த இடமெல்லாம் மார்பாயிற்று, வயிறாயிற்று. முழங்காலுக்கு வந்ததும் நின்று, தன் முழங்காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மிதித்தார்.

"ஏழுமலை, நீங்க நிக்கற எடத்துலேர்ந்து மொகம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"இன்னா தெரியும். ஒரு மூக்கு மேல நின்னுக்கினு இன்னொரு கண்ணத் தேட முடியுமா? அதோ அவன் பாத்துச் சொல்வான்" என்று கை காட்டினார்.

தலைமாட்டுக்கு அப்பால் ஒரு பனைமரம். அதன் உச்சியில் பதநீர் இறக்குகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கத்துவார். "மீச ஒரு பக்கம் எறங்கிக்கினு கீது." ஏழுமலை போய்க் கால் கட்டைவிரலால் மீசையை ஏற்றுவார். "இப்ப ஜாஸ்தி ஆயிட்ச்சி, கலியாண மாப்ள மாரி கீறான்." ஏழுமலை சிரித்துக்கொண்டே இறக்குவார்.

தான் பார்க்க முடியாத ஒன்றை ஒரு மனிதர் காலாலேயே செய்துகொண்டிருந்தார். பூட்டை நாலு முறை இழுத்துப் பார்க்கிற எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு முறைகூடப் பனையேறிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிகாலை நான் கலயம் வைத்து இறங்கியதும், இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கரியால் கருமணி வைத்துக் கண் திறந்தார். கண் திறந்துவிட்டால் அது மண் இல்லை. பீமன் வருகிறவரை யாரும் தொடக் கூடாது.

காதர் பாய் சொன்னது

என்னோடு காதர் பாயும் வந்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். பாண்டிச்சேரிச் சரக்காக சைக்கிள் மணி, டைனமோ கொண்டுவந்து வாரம் ஒரு முறை என் கடையில் போடுவார். அதற்கு முன் சைகோனுக்கும் மார்செய்க்கும் போகிற பிரெஞ்சுக் கப்பலில் பதினைந்து வருஷம் சமையல்காரர். நாற்பது முழம் என்று நான் சொன்னதை நம்பாமல், கண்ணால் பார்த்தே தீருவேன் என்று பஸ் ஏறிவிட்டார்.

கண் திறந்த ஆளைக் கால்மாட்டிலிருந்து வெகுநேரம் பார்த்தார். "எங்க கப்பல்ல இதுக்கு ஒரு பேரு சொல்வாங்க. கொலோஸ்" என்றார்.

"அப்படின்னா?"

"ரொம்பப் பெரிய செல. இப்ப அதான் அர்த்தம். மொதல்ல அது இல்ல. ஒரு பிரெஞ்சு வாத்தியாரு மூணு வாரம் கப்பல்ல வந்தாரு. சூயஸ் தாண்டறப்போ ஒரு பொஸ்தகத்துல படம் காட்டிச் சொன்னாரு. கொலோஸ்னா கிரேக்கக்காரன் பேச்சுல மொதல்ல பெருசுன்னே கெடையாதாம். கடலுக்குப் போயி திரும்பாதவன், சண்டையில காணாம போனவன், அவனுக்குப் பொதைக்க ஒடம்பு ஏது? அதுக்குப் பதிலா மண்ணுலயோ கல்லுலயோ ஒரு ஆளு செஞ்சி வெப்பாங்களாம். சாண் ஒசரம், மொழம் ஒசரம். இல்லாதவனுக்குப் பதில் நிக்கறது. அதுக்குத்தான் அந்தப் பேரு."

கைகால் கழுவிக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்தார். "அப்பறம் எப்படிங்க பெருசாச்சி?"

"அந்த கிரேக்கக்காரன் மிசுரு தேசம், அதான் எகிப்து, போனான். அங்க ராஜாங்க கல்லுல ஒக்காந்துக்கினு கீறாங்க, ஒண்ணொண்ணும் மல மாரி. இதுக்கு இன்னா பேரு சொல்றதுன்னு புரியல. ஊர்ல கைக்கு அடக்கமா வெச்சிருந்தானே, அந்தப் பேரையே இதுக்கும் சொல்லிட்டான். அப்பறம் ரோட்ஸ்னு ஒரு தீவு. அங்க சூரியன வெண்கலத்துல வார்த்து நிக்க வெச்சாங்க. அதுக்கும் அதே பேரு. அதுலேர்ந்து அந்தப் பேருன்னாலே பெருசுன்னு ஆயிட்ச்சி."

"இப்பவும் நிக்குதா?"

"எங்க? ஐம்பது அறுபது வருஷம் நின்னுச்சாம். பூமி அதிர்ந்து முட்டியோட ஒடிஞ்சி வுழுந்துச்சி. அப்பறம் பல நூறு வருஷம் கெடந்த எடத்துலயே கெடந்துச்சாம். நின்னப்ப பாத்தவன வுட கெடந்தப்ப பாத்தவன்தான் ஜாஸ்தி. கட்ட வெரலக் கட்டிப்புடிக்க ரெண்டு கை பத்தாதாம்."

ஏழுமலை யோசித்தார். "கெடந்தாத்தாங்க மொகம் தெரியும். நின்னா நமக்குக் காலுதான் தெரியும்" என்றார். பிறகு சொன்னார்: "மொதல்ல சொன்னீங்களே, அது சரிங்க. நாங்களும் பெருசுன்னு சொல்றதில்ல. ஆளுன்னுதான் சொல்றது. ஆளு படுத்தாச்சா, ஆளுக்குக் கண்ணு வெச்சாச்சா, அப்படி. இவரு இன்னிக்கி இங்க இல்ல. அதனால நாம ஒரு ஆளு செஞ்சிக்கிறோம். எங்க கொளம் பெருசு, மண்ணு நெறையக் கெடைக்குது. அதான் ஒசரம்."

நான் தேடிய பெயர்

பல வருஷம் கழித்து என் மகள் கல்லூரியில் படித்தபோது, அங்கிருந்த தடித்த அகராதியில் பார்க்கச் சொன்னேன். காதர் பாய் சொன்னது பெரும்பாலும் சரி. இன்னொன்றும் இருந்தது. அந்தச் சொல் கிரேக்கர்களுடையதே இல்லையாம். அவர்களுக்கு முன் அந்தப் பக்கம் இருந்தவர்கள் பேச்சிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அந்தப் பேச்சு இன்று இல்லை. பேசியவர்கள் யார் என்றும் உறுதியாகத் தெரியாது. ரோமாபுரியில் வட்டமாக ஒரு பெரிய விளையாட்டரங்கு இருக்கிறதல்லவா, அதன் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். அரங்கு பெரியது என்பதற்காக அல்ல, பக்கத்தில் ஒரு பெரிய சிலை நின்றதற்காக என்கிறார்கள். சிலை போய்விட்டது. பெயர் பக்கத்து வீட்டில் தங்கிவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் திண்டிவனமே திந்திரிவனம், அதாவது புளியங்காடு என்பார்கள். நான் கடை வைத்திருந்த தெருவில் ஒரு புளியமரம் கிடையாது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று நான் தேடியதுண்டு. பேருருவம் என்றால் அளவை மட்டும் சொல்கிறது. விசுவரூபம் என்றால் சின்னதாக இருந்தது வளர்ந்ததாகிறது. பிரம்மாண்டம் என்றால் பிரம்மனுடைய முட்டை. அதில் ஆளே இல்லை. எனக்குப் பிடித்தது பாவை. குழந்தை கையில் வைத்து விளையாடுகிற மரப்பொம்மையும் பாவை, மலைமேல் நிற்கும் தெய்வ உருவமும் பாவை. அந்தச் சொல் உயரத்தைக் கேட்பதில்லை. இவர் யாருக்காக இருக்கிறார் என்று மட்டும் கேட்கிறது. ஏழாம் வகுப்புக்காரன் கருத்து இது. தமிழ் படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன்.

அன்று காலை எனக்கு இவ்வளவு யோசனை ஓடவில்லை. காதர் பாய், நின்றது, கிடந்தது என்று சொல்லிக்கொண்டே போனபோது, என் மனம் 'கிடந்தது' என்ற இடத்தில் பிடித்துக்கொண்டது.

கிடக்கிற ஆளுக்கு இடது எது?

மாட்டுக்கொட்டகையில்

மாமனார் வீட்டுக்குத் திரும்பியதும் நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். வடக்கே தலை வைத்து, அந்த ஆள் கிடந்தது போலவே, தரையில் மல்லாந்து படுத்தேன்.

நான் கால்மாட்டிலிருந்து ஏறினேன். தலைப்பக்கம் ஏறக் கூடாது என்பது வழக்கம். ஏறி, என் இடக்கைப் பக்கம் இருந்த தொடையில் கலயத்தை வைத்தேன். என் இடக்கைப் பக்கம் மேற்கு. இப்போது படுத்துக்கிடக்கிறேன். என் இடது தொடை கிழக்கே இருக்கிறது.

எழுந்து, மறுபடி படுத்துப் பார்த்தேன். கிழக்கேதான் இருந்தது. பசு என்னை முகர்ந்து பார்த்தது.

காதர் பாய் கையில் கேப்பைக் கூழோடு வாசலில் நின்றார். "இன்னா தம்பி, ஒடம்பு சரியில்லியா?"

"பாய், எடதுல வெக்கச் சொன்னாங்க. நான் வலதுல வெச்சிட்டேன்."

அவர் கூழை ஒரு வாய் குடித்தார். "ஜல்தியா போயி ஏழுமலைகிட்ட சொல்லுங்க. எடுத்து மாத்தி வெச்சிடட்டும்."

"கண்ணு தெறந்தாச்சி. இனிமே தொடக் கூடாது."

"அப்ப ஊர்ல சொல்லிடுங்க. அடிக்கறதுக்கு முந்தி சொன்னா தப்பு. அடிச்ச பெறகு சொன்னா பேஜாரு."

சரி என்று கிளம்பினேன். ஏழுமலை ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். மாமனார் நாட்டாமைகளோடு நின்று யாருக்கோ விபூதி பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். "வாங்க மாப்ள" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். "இவருதான் உசிரு வெச்சவரு." பெரிய மனிதர்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். வாய் திறக்கவில்லை.

கோயில் மண்டபத்தில் காப்புக் கட்டிய பெண்கள் மஞ்சள் புடவையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அலமேலு என்னைப் பார்த்தாள். விரதத்தில் இருப்பவளிடம் புருஷன் பேசக் கூடாது. என் முகத்தைப் பார்த்து, கண்ணாலேயே 'இன்னா' என்று கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். அதற்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது.

இடது தொடை

துரியோதனன் வேஷக்காரரும் பீமன் வேஷக்காரரும் உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பீமன் ஆறடி. முகத்தில் பச்சை, தோளில் மரத்தில் செய்த கதாயுதம். பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டிருந்தன. கரும்பு வண்டிகளின் மேல் ஏறி நின்றார்கள்.

பீமன் உருவத்தின் மேல் ஏறினார். கிருஷ்ணன் வேஷக்காரர் கீழே நின்று தன் இடது தொடையைத் தட்டிக் காட்டினார். பீமன் ஓங்கி அடித்தார்.

மண் தெறித்தது. வேறொன்றும் வரவில்லை.

இரண்டாவது அடி. மூன்றாவது அடி. மேளக்காரர் தாளத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் மெதுவாக்கினார். திரௌபதி வேஷம் கட்டியவர் விரித்த தலையோடு அப்படியே நின்றார். வண்டிகளின் மேல் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பீமன் குனிந்து, உதடு அசையாமல், "எங்கய்யா வெச்சித் தொலச்சீங்க" என்றது முதல் வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"அந்தத் தொட இல்ல" என்றேன்.

மெல்லத்தான் சொன்னதாக நினைவு. ஆனால் கடைசி வண்டி மேல் இருந்தவர்கள் வரை திரும்பினார்கள்.

"நான்தான் மாத்தி வெச்சிட்டேன். காலுப் பக்கம் ஏறினேன். என் எடக்கைப் பக்கம் வெச்சிட்டேன்."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ, "திண்டிவனத்துல எடது வலது கெடையாதா மாப்ள?" என்றார்கள். கிருஷ்ணன் வேஷக்காரர் மட்டும் முகம் மாறவில்லை. இருபது வருஷம் கூத்தாடியவராம். புல்லாங்குழலால் என்னைக் காட்டினார்.

"உசிரு வெச்சவரே வந்து நிக்கறாரு. எந்தத் தொடன்னு நீங்களே காட்டுங்க சாமி."

நான் என் தொடையில் தட்டினேன். எதைத் தட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், உருவத்தைப் பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி மேளக்காரரிடம் கொடுத்துவிட்டு, நீல முகத்தோடு, அந்த நாற்பது முழத்து ஆளுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தார். படுத்தபடி தன் வலது தொடையைத் தட்டினார்.

"இதா?"

"அதான்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பீமன் திரும்பி அடித்தார். ஒரே அடி. கலயம் உடைகிற சத்தம் கேட்டது. செந்நீர் அவர் மார்பு வரை தெறித்தது.

திரௌபதி கூந்தல் முடிந்தாள். காந்தாரி வேஷக்காரர் ஒப்பாரி எடுத்தார். பெண்கள் உருவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். துரியோதனனுக்காக அழுகிறவர்கள் அதில் ஒருவரும் இல்லை. ஒரு அம்மாள் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத மகன் பெயரைச் சொல்லி அந்த மண் தோளில் தலையை வைத்துக்கொண்டார். காதர் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டு பேர்

எனக்கு நிம்மதி வந்தது. அது ஒரு மணி நேரம்தான் நிலைத்தது.

கோயில் வாசலில் நாட்டாமைகள் கூடிவிட்டார்கள். வலது தொடையில் உயிர் போனது வழக்கமா? வழக்கம் மீறிய பிறகு தீக்குழி மூட்டலாமா? மூன்று மணி ஆகியும் பேச்சு முடியவில்லை. கட்டைகள் அடுக்கியபடியே கிடந்தன.

"பொம்பளைங்க எறங்கறாங்க. நாளைக்கி ஒருத்தி காலு வெந்துச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றார் ஒரு நாட்டாமை. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருடைய மருமகளும் அந்த வரிசையில் இருந்தாள்.

நான் எழுந்து, தப்பு என்னுடையது, நான் இறங்குகிறேன் என்று சொல்ல நினைத்தேன். நெருப்பை நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். உள்ளதை எழுதுகிறேன்.

அலமேலு எழுந்தாள்.

"உக்காரும்மா அலமேலு. பெரியவங்க பேசறாங்க" என்றார் மாமனார்.

"பேசி முடிங்க நைனா, நான் வாணாங்கல. பொழுது போயிக்கினு கீது." பிறகு நாட்டாமைகள் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை. "கலயம் வெச்சவரு எங்க வூட்டுக்காரரு. அவரு உசிருக்குத்தான் நான் வேண்டிக்கினது. அவரு எங்க தப்பா வெச்சாரோ, அது எங்க வூட்டோட போவட்டும். கரகத்துக்குப் பின்னால மொதல்ல நான் எறங்கறேன். எனக்குக் காலு வெந்துச்சின்னா மத்தவங்கள எறக்காதீங்க. வேவலன்னா வரிசையா அனுப்புங்க."

கரகம் எடுக்கிறவர் எப்போதும் முதலில் போவார். அவரைச் சாமியாகத்தான் பார்ப்பார்கள், அவர் காலை யாரும் பார்க்க மாட்டார்கள். மனிதர்களில் முதல் கால் அவளுடையது. ஆண்களும் இறங்குகிற வருஷங்களில் அந்த இடம் பெரியதனக்காரர் வீட்டு ஆணுக்கு.

"மூட்டுங்கடா" என்றார் மூத்த நாட்டாமை.

பால்குழி

சூரியன் இறங்குகிற நேரத்துக்குக் கட்டைகள் எரிந்து தணலாயின. பெரிய மூங்கில் கழிகளால் அடித்துப் பரப்பினார்கள். பத்தடி தள்ளி நின்றாலும் புருவம் பொசுங்குவது போல இருந்தது. தீக்குழி முடிகிற இடத்தில் பாலும் தண்ணீரும் ஊற்றிய சின்னக் குழி ஒன்று. மிதித்து வருகிறவர்கள் அதில் கால் நனைத்து ஏறுவார்கள். பெண்களைக் கைகொடுத்து ஏற்ற வீட்டு ஆண்கள் அங்கே நிற்கலாம். நான் நின்றேன். பக்கத்தில் ஏழுமலை நின்றார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"எடதுன்னு உங்க மாமனாரு சொன்னாரே ஒழிய, எந்தப் பக்கம் நின்னா எடதுன்னு நான் சொல்லல. அது என் தப்பு மாப்ளே" என்றார். அன்று பழியைப் பங்கு போட்டுக்கொள்ள வந்த இரண்டாவது ஆள் அவர்.

கரகம் வந்து போனது. ஆட்கள் விலகினார்கள்.

தணலின் அந்தக் கோடியில் அலமேலு. தலையில் ஈரம் சொட்டியது, கையில் வேப்பிலை. ஐந்தடி இருப்பாளா, அதுகூட இருக்க மாட்டாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கீழேயும் பார்க்கவில்லை. காலை எடுத்து வைத்தாள். ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. எங்கள் கடைத்தெருவில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வருகிற நடை இருக்கிறதே, அதே நடை. எத்தனை அடி வைத்தாள் என்று எண்ணத் தொடங்கி நாலோடு விட்டுவிட்டேன்.

பால்குழியில் இறங்கினாள். கை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். நான் அவளை ஏற்றிவிடாமல் அப்படியே குனிந்து அவள் காலைப் பார்த்தேன். சாம்பல் கலந்து பால் கறுத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டுத் துழாவப் போனேன். ஊரே அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சுட்டுச்சா? சொல்லு, சுட்டுச்சா?" என்றேன்.

அவள் தானாகவே மேலே ஏறினாள். இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"வழி வுடுங்க. பின்னால பதினோரு பேரு வராங்க."